குடியிருக்க ஓர் இடம்

ஊர் விட்டு ஊர் போவது தமிழருக்குப் புதியதன்று. ஆனால் போகின்ற ஊரில் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை மலாயாவின் தோட்டப்புறத் தமிழர்க்கு நெடுங்காலம் வாய்த்ததில்லை. கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்பது கப்பல்காரனுக்குத் தெரியும். எந்தத் தோட்டத்துக்குப் போவது என்பது கங்காணிக்குத் தெரியும். எந்த லயம், அந்த லயத்தில் எத்தனையாவது கதவு என்பதைக் கிராணி ஏட்டில் எழுதி வைத்தார். வந்தவர் தம் மூட்டையை அந்தக் கதவுக்கு உள்ளே இறக்கி வைத்தார், அவ்வளவே. வேலை எங்கே உண்டோ அங்கே வீடு. வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்தது. இரண்டு மூன்று தலைமுறைகள் இவ்வாறே வாழ்ந்துவிட்டன. அதனால்தான், குடும்பத்தோடு நகரத்துக்குப் பெயரும் நாள் வந்தபோது, சம்பளத்தைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் கேட்கத் தெரிந்த குடும்பங்கள், குடியிருக்கும் இடத்தைப் பற்றி என்ன கேட்பது என்று அறியாமல் தடுமாறின.

பகாங் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள கேமரன் மலையில் இந்தத் தடுமாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். 1885-ஆம் ஆண்டில் அங்கே நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரால் அம்மலை வழங்குகிறது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு சில தோட்டங்களும் அம்மலையில் எழுந்தன. காட்டை வெட்டி, சரிவுகளில் வரிசை பிடித்து, தேயிலைக் கன்றுகளை நட்ட கைகளில் தமிழர் கைகள் மிகுதி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், இரவில் கம்பளி வேண்டும் குளிரில், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்து வளர்ந்தனர்.

அம்மலைக்கு ஒரு விந்தையும் உண்டு. வரைபடத்தில் அது பகாங்கைச் சேர்ந்தது; அம்மாநிலத்தின் தலைநகரான குவாந்தானோ கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. நெடுங்காலம் மலைக்கு ஏறவும் இறங்கவும் இருந்த ஒரே சாலை பேராக்கில் உள்ள தாப்பாவுக்குத்தான் சென்றது. பிற்காலத்தில் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு மற்றொரு சாலை திறக்கப்பட்டது. அதுவும் பேராக்கையே அடைந்தது. ஆகவே மலையிலிருந்து இறங்கும் குடும்பம் தன் மாநிலத்தின் தலைநகரை எண்ணுவதில்லை. ஈப்போவை எண்ணும், அல்லது இன்னும் தெற்கே கோலாலம்பூரை எண்ணும். ஒரு குடும்பம் எங்கே போய்ச் சேரும் என்பதை எல்லைக்கோடுகளைவிடச் சாலைகளே முடிவு செய்கின்றன.

தோட்டத்து வாழ்க்கையில் குறைகள் பல. கூரை ஒழுகினால் அதைச் செப்பனிடும் பொறுப்பு மற்றவர் கையில் இருந்தது. துரையோடு வாய் வளர்த்தால் வேலையோடு வீடும் போய்விடும் என்ற அச்சம் எப்போதும் நெஞ்சில் இருந்தது. 1950-களிலும் 1960-களிலும் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கு அந்தத் துயரமே காரணம். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். நிலத்தை வாங்கினர் என்பதைவிட, தலைக்கு மேலிருந்த கூரையைக் காத்துக்கொண்டனர் என்பதே பொருந்தும்.

ஆயினும் தோட்டம் ஒரு நன்மையைத் தந்தது. பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில், மருந்தகம், மளிகைக் கடை ஆகிய எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தாய் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கையில் பள்ளி மணி அவள் காதில் விழுந்தது. இந்த அண்மையை எவரும் ஒரு செல்வமாக எண்ணியதில்லை. மூச்சுக்காற்றை எவர் எண்ணிப் பார்க்கிறார்!

அத்தகைய தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம் இருந்தது. பெயர் வேண்டா, பல குடும்பங்களின் கதை அந்த ஒன்றில் அடங்கும். தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் பகுதியில் வேலை செய்தார். தாய் கொழுந்து பறித்தார். மூத்த மகன் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். மகள் தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தாள். இளையவன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. இவர்களோடு தந்தையின் தாயார், எழுபதைக் கடந்தவர், மலைக்குக் குழந்தையாக வந்து, மலையைவிட்டு இறங்கிய நாள்களை விரல்விட்டு எண்ணக்கூடியவர். 2005-ஆம் ஆண்டில் தந்தைக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்தது. அக்காலத்தில் அதுவே ஓய்வு பெறும் வயது. ஆண்டு முடியும்வரை வீட்டில் இருக்கலாம். அதன்பின் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

ஆண்டு இறுதி என்பது ஒருவகையில் நன்மையாகவே அமைந்தது. அப்போது பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. மூன்றாம் படிவத்தின் அரசுத் தேர்வை மகள் முடித்திருப்பாள். இளையவனுக்கு ஆறாம் ஆண்டுத் தேர்வு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. இன்னும் ஓராண்டு காலந்தாழ்த்தினால் ஐந்தாம் படிவத்தின் வாசலில் மகளும் ஆறாம் ஆண்டின் வாசலில் மகனும் புதிய பள்ளியில் நிற்க நேரும். இடத்தைப் போலவே காலத்தையும் தேர்ந்துகொள்ளவேண்டும் என்பதை அந்தக் குடும்பத்துக்கு முதலில் சுட்டிக்காட்டியவர் தோட்டப்பள்ளியின் தலைமையாசிரியர்.

எங்கே போவது? முதலில் வந்த வழி மலையிலேயே இருந்தது. காய்கறித் தோட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலையும், தங்க ஒரு பலகை வீடும் கிடைக்கும் என்றார்கள். குளிர் பழகியது, வேலையும் ஏறக்குறையப் பழகியது. தந்தையின் மனம் அங்கே சாய்ந்தது. தெரிந்த வேலையை நாடிப் போவது மனித இயல்பு. 1964-ஆம் ஆண்டில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின் இலங்கை மலையகத்திலிருந்து தமிழகம் திரும்பிய குடும்பங்களும் அவ்வாறே செய்தன. சமவெளியில் குடியமர்த்தப்பட்டவர்களில் பலர் அங்கே பிழைக்க வழியின்றி, தேயிலை இருக்கும் நீலகிரிக்கு ஏறி, கோத்தகிரியிலும் கூடலூரிலும் தங்கினர். திரும்பி வந்தோர்க்கு வேலை தரவென்றே தமிழக அரசு 1968-ஆம் ஆண்டில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தெரிந்த தொழில் அவர்களுக்குச் சோறு போட்டது. ஆனால் வேலையோடு கட்டிய வீட்டில் அவர்களை மீண்டும் இருத்தியது. தாய்க்கு இந்த வரலாறு தெரியாது; இதன் சாரம் தெரிந்திருந்தது. "இன்னொருவர் வேலைக்கு இன்னொருவர் வீடு. இன்னும் ஐந்து வருசத்தில் இதே மூட்டையைத் திரும்பக் கட்டணுமே" என்றார். அந்த வழி அன்றோடு அடைபட்டது.

தானா ராத்தாவில் வாடகை வீடு தேடினார்கள். மாவட்ட மருத்துவமனையும் மகளின் பள்ளியும் அங்கேயே இருந்தன. ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கு அறைவிட்டுப் பொருளீட்டும் ஊரில், ஓய்வுபெற்ற தொழிலாளியின் குடும்பத்துக்கு ஏற்ற வாடகையில் வீடு கிடைக்கவில்லை.

மூத்த மகன் வேறொன்று சொன்னான். ஷா ஆலாமுக்கு அருகில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடி வீடு விற்பனைக்கு வந்திருந்தது. மலிவுவிலை வீட்டின் உச்சவிலையை அரசு 1998-ஆம் ஆண்டில் 42,000 வெள்ளிவரை உயர்த்தியிருந்தது. தந்தையின் ஊழியர் சேமநிதிப் பணத்தில் பெரும்பங்கைக் கொடுத்து, மீதியைத் தான் மாதந்தோறும் கட்டுவதாக அவன் சொன்னான். அவன் வாதத்தில் நியாயம் இருந்தது. "அப்பா, நம் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் சொந்தமாக ஒரு கதவு இருந்ததில்லை. வாடகை வீடு எந்த ஊரில் இருந்தாலும் அது லயம்தான்" என்றான். ஐம்பத்தைந்து ஆண்டுகள் மற்றவர் கூரையின்கீழ் வாழ்ந்த மனிதரை அச்சொல் அசைத்தது. அன்றிரவு அவர் உறங்கவில்லை.

அடுத்த வாரம் சென்று பார்த்தார். ஐந்து மாடிக் கட்டடம், மின்தூக்கி இல்லை, வீடு நான்காம் மாடியில் இருந்தது. வீட்டைக் குறைசொல்ல இயலாது. நல்ல தரை, நல்ல குழாய், காற்று வரும் சாளரம். தந்தை கீழே இறங்கி, மீண்டும் ஒருமுறை மெதுவாக ஏறினார். படிக்கு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, தம் தாயார் ஏறுவதுபோல் ஏறினார். பிறகு இளையவனின் பள்ளிக்கு வழி கேட்டார். தமிழ்ப்பள்ளிக்குச் சிற்றுந்தில் போகவேண்டும், நடக்கும் தொலைவன்று. மகன் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவன். பக்கத்து வீட்டாரைப் பற்றிக் கேட்டதற்கு, "அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தாம், யாரையும் அவ்வளவாகத் தெரியாது" என்றான். திரும்பும் வழியில் பேருந்தில் தந்தை ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆத்தாவை மேலே ஏற்றிவிடலாம். ஆனால் ஏறினபின் ஒரே ஒருமுறைதான் இறங்கும். அப்போதும் நாலு பேர் தூக்கித்தான் இறக்கணும்."

மகனுக்கு அது வருத்தம் தந்தது. தன் அன்பைத் தந்தை படிக்கட்டால் அளந்துவிட்டதாக அவன் எண்ணினான். சில வாரங்கள் அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பும் வரவில்லை. இடம் தேர்வதில் வருகின்ற பூசல்களில் பெரும்பாலானவை இத்தகையன. ஒருவர் வீட்டைப் பார்க்கிறார். மற்றவர் வீட்டிலிருந்து போகும் வழியைப் பார்க்கிறார். இருவரும் குடும்பத்தின் நன்மையையே எண்ணுகின்றனர். எண்ணும் கணக்கு வேறாக இருக்கிறது.

தோட்டத்திலிருந்து முன்பே இறங்கி ஈப்போவில் புந்தோங் பகுதியில் குடியிருந்த பழைய நண்பர் ஒருவர், அங்கே வந்து பார்க்குமாறு சொல்லியனுப்பினார். புந்தோங் தமிழர் மிகுதியாக வாழும் இடம். அங்கு வறுத்துப் பொரிக்கும் கச்சாங் பூத்தே நாடெங்கும் பெயர்பெற்றது. தந்தை ஒருமுறை பார்த்து முடிவு செய்யவில்லை; மூன்றுமுறை சென்றார். முதல் முறை நண்பகல் வெயிலில் சென்றார். மலைக்குளிரில் வளர்ந்த உடம்புகள் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று அறியவேண்டியிருந்தது. இரண்டாம் முறை மழை பெய்த மாலையில் சென்றார். சாக்கடை நிரம்பித் தெருவில் வழிகிறதா என்று பார்த்தார். வீட்டுக்காரரைக் கேட்காமல் மளிகைக் கடைக்காரரையும் தெருவில் இருந்த கிழவர்களையும் கேட்டார். விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் சொல்லாததை அவர்கள் சொன்னார்கள். எந்த வீட்டில் தண்ணீர் ஏறும், எந்தச் சந்தில் இரவில் பெண்பிள்ளை தனியே வரக்கூடாது, எந்தப் பேருந்து சொன்ன நேரத்துக்கு வராது என்பனவெல்லாம் அவர்கள் வாயிலாகத் தெரிந்தன. அந்தத் தெருவிலும் குறை இருந்தது. பகலில் லாரிகளின் ஓசை, வீடு பழையது, சமையலறைச் சுவரில் ஈரம். அவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

வாடகையை மட்டும் ஒப்பிடாமல், வாடகையோடு பள்ளிச் சிற்றுந்துக் கட்டணம், பேருந்துக் கட்டணம், மருத்துவமனைக்குப் போகும் செலவு ஆகியவற்றையும் மகள் கூட்டிக் கணக்கிட்டாள். தொலைவில் கிடைத்த மலிவான வீடு மாதமுடிவில் மலிவாக இல்லை என்பது அவள் போட்ட கூட்டலில் தெரிந்தது.

மூன்றாம் முறை தம் தாயாரை அழைத்துச் சென்றார். அந்த வீட்டு வாசலிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கும் கிழவி நடந்தார். இருமுறை உட்கார்ந்து எழுந்தார். ஆயினும் நடந்து முடித்தார். பிறகு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மகனைக் கேட்டார்: "இங்கேயிருந்து கூப்பிட்டால் யாருக்கப்பா கேட்கும்?"

வாடகை எவ்வளவு, அறைகள் எத்தனை என்று எல்லாரும் கேட்ட கேள்விகளுக்கு நடுவே இதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. லயத்தில் வாழ்ந்தவர்க்கு இதைக் கேட்கத் தேவையே இருந்ததில்லை. ஒரு சுவருக்கு அப்பால் இருமினாலும் இப்பால் கேட்கும். தனிமை இல்லாத அந்த வாழ்வைப் பலரும் குறைகூறினர், குறையுந்தான். ஆனால் ஆபத்து நேரத்தில் கூப்பிடு குரலுக்கு ஆள் வரும் என்ற உறுதி அதன் மறுபக்கம். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "யாரம்மா? புதுசா வர்றீங்களா?" என்று கேட்டு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்தார். கிழவிக்கு மறுமொழி கிடைத்துவிட்டது.

எனினும் மகன் சொன்ன சொல் தந்தையின் நெஞ்சில் இருந்தது. சொந்தக் கதவு வேண்டாமா? அவர் ஒரு நடுவழி கண்டார். குடியேறுவது ஒரு செயல்; வீடு வாங்குவது வேறொரு செயல். தோட்டத்தை விட்டு வருகிறவர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, கையில் வந்த சேமநிதிப் பணம் முழுவதையும் முதலில் பார்த்த வீட்டில் போட்டுவிடுவதுண்டு. வாழ்ந்து பாராத ஊரில் வீடு வாங்குவது முகம் பாராமல் மணம் பேசுவது போன்றது. இரண்டு ஆண்டு வாடகைக்கு இருப்பது, சேமநிதிப் பணத்தைத் தொடாமல் வைப்பது, ஊரின் வெயிலும் மழையும் பழகியபின் நடந்துபோகும் எல்லைக்குள் ஒரு தரைவீடு பார்ப்பது என்று முடிவாயிற்று. இதை மகனிடம் சொல்ல அவர் தொலைபேசியை நம்பவில்லை. ஷா ஆலாமுக்கே சென்று நேரில் சொன்னார். மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரியப்பா, பணத்தை மட்டும் கரைத்துவிடாதீர்கள்" என்றான்.

மற்றொரு கதவையும் தட்டவேண்டியிருந்தது. இளையவனின் மாற்றுக் கடிதத்துக்காகத் தோட்டப்பள்ளிக்குச் சென்றார். தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகிய காலம் அது. ஒரு குடும்பம் மலையிறங்கினால் பள்ளியின் ஏட்டில் ஒரு பெயர் குறையும், பெயர்கள் குறைந்துகொண்டே போனால் பள்ளி என்னவாகும் என்பதைத் தலைமையாசிரியர் அறிவார், தந்தையும் அறிவார். அவரும் அப்பள்ளியில் படித்தவரே. தலைமையாசிரியர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "போகிற இடத்தில் தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். "நடந்து போகலாம் ஐயா" என்றார் தந்தை. ஆசிரியர் கையெழுத்திட்டார். பின்பு மகளைப் பற்றியும் நினைவூட்டினார். இடைநிலைப்பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ் வகுப்பு நடக்கும். சேரும் பள்ளியில் அவ்வகுப்பு உண்டா, ஐந்தாம் படிவத் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுத வழியுண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொன்னார்.

ஆசிரியர் சொன்ன அந்தப் பதினைந்து என்னும் எண்ணை எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ் வகுப்பு நடப்பதும் நடவாததும் ஆசிரியரின் ஆர்வத்தால் மட்டும் அமைவதன்று. பதினைந்து குடும்பங்கள் ஒரு பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கின்றனவா என்பதாலும் அமைகிறது. நகரத்தில் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் குடியேறும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் நல்ல வீட்டைப் பெறலாம். ஆனால் பதினைந்து என்னும் எண் எங்கும் சேராமல் போகலாம். குடியிருக்கும் இடத்தைத் தேர்வது மொழியின் இருப்பிடத்தைத் தேர்வதும் ஆகும்.

டிசம்பரில் அவர்கள் இறங்கினார்கள். காய்கறி லாரிகள் இறங்கும் சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஒரு சிறு லாரியில் சட்டி சாமான்களோடு வந்தார்கள். முதல் சில மாதங்கள் எளிதாக இல்லை. இரவெல்லாம் விசிறி சுழன்றும் தாய்க்கு உறக்கம் வரவில்லை. கிழவி பெரட்டு நேரத்தில் விழித்துக்கொண்டு, போவதற்கு இடமின்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தந்தை ஒரு கிடங்கில் இரவுக் காவலரானார். நாற்பது ஆண்டுகள் தேயிலை மணத்தில் வாழ்ந்தவர்க்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. கம்பளிகள் பெட்டியின் அடியில் கிடந்தன. எந்த ஊரும் எல்லாவற்றையும் தந்துவிடாது. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து போவதே தேர்வு.

இரண்டாம் ஆண்டில் ஒரு நள்ளிரவு. தந்தை காவல் வேலையில் இருந்தார். கிழவிக்கு மூச்சு முட்டியது. தாய் வாசலுக்கு ஓடிவந்து கூப்பிட்டார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த கதவும் திறந்தது. கடைக்காரரின் கார் வந்தது. கிழவி மருத்துவமனைக்குச் சென்று, பத்து நாள்கள் இருந்து, வீடு திரும்பினார். மேலும் ஓராண்டு அதே திண்ணையில் அமர்ந்து, பள்ளிவிட்டு வரும் பேரனைத் தெருமுனையிலேயே கண்டு மகிழ்ந்தார்.

அவர் மறைந்த பிறகு, நான்கு தெருக்கள் தள்ளி ஒரு சிறிய தரைவீட்டைக் குடும்பம் வாங்கியது. மூத்த மகனும் பணம் கொடுத்தான். வாங்குமுன் அவன் ஈப்போவுக்கு வந்து அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தான். விலையைப் பற்றிப் பேச வீட்டுக்காரர் முன்வந்தபோது, "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, தன் தாயை அழைத்துக்கொண்டு கோயில்வரை மெதுவாக நடந்து சென்று திரும்பினான்.

பெரிய வீடு, சிறிய வீடு, சொந்த வீடு, வாடகை வீடு என்பன பின்னால் வரும் கணக்குகள். குடும்பத்தில் எவர் மிக மெதுவாக நடக்கிறாரோ அவருடைய காலால் ஊரை அளக்கவேண்டும். எவருடைய குரல் மிக மெலிந்ததோ அவர் கூப்பிட்டால் எவருக்குக் கேட்கும் என்று பார்க்கவேண்டும். தேயிலைச் சரிவுகளில் வாழ்ந்தவர்கள் அந்த அளவுகோலைத் தம்மையறியாமலே கொண்டிருந்தார்கள். மலையை விட்டு இறங்கும்போது மூட்டையோடு சேர்த்து அதையும் எடுத்துச் செல்வது நல்லது.